ஃபைனல் ஃபேன்டஸி 6 வீடியோ கேம்: பழைய கார்ட்ரிட்ஜ் இன்றும் தேறுமா?

கேள்வி: 1994 சூப்பர் நின்டென்டோ பதிப்பு ஆடுகிறேன். எவேட் (அடியிலிருந்து விலகும் திறன்) கூட்டும் கவசமாகப் போட்டும் அடி குறையவில்லையே, ஏன்?

பதில் 1: அதில் எவேட் வெறும் அலங்காரம்! நிரல் பிழை. வாள்வீச்சுக்கும் மேஜிக் பிளாக் (மந்திரத் தாக்குதலைத் தடுக்கும் திறன்) எண்ணைத்தான் பார்க்கும். அதை 128க்கு ஏற்றினால் தடுக்கக்கூடிய அடி எதுவும் படாது. கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

பதில் 2: எதிரிமேல் வானிஷ் (மறைய வைக்கும் மந்திரம்) போட்டு டூம் (சாகடிக்கும் மந்திரம்) அடித்தால் பெரும்பாலான பாஸ்கள் (பெரிய எதிரிகள்) ஒரே அடியில் காலி. சவால் வேண்டுமானால் தொடாதீர்கள். ரெல்ம் என்ற பாத்திரத்தின் ஸ்கெட்ச்சும் (எதிரியை வரையும் திறன்) வேண்டாம். முதல் வெளியீட்டில் அது தவறினால் பொருள் பட்டியலே குழம்பும்.

பதில் 3: குறை இருந்தும் இசைக்காகவே ஆடலாம். மிதக்கும் கண்டம் என்ற கட்டத்திலிருந்து தப்பும்போது மட்டும் அவசரப்பட்டுக் குதிக்காதீர்கள். கடிகாரம் 5 வினாடிக்கு வந்ததும் கூட்டாளி ஷேடோ ஓடிவருவான். முன்பே குதித்தால் அவன் போனவன்தான்.