மறு: ராயல்டிக்குத் தமிழ்: 'கனிமவாரம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜார்க்கண்டு நிலக்கரி பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் தோழி 'ராயல்டி'யில் வந்து நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். சுரங்கம் எடுப்பவர் எடுத்த கனிமத்துக்காக அரசுக்குக் கொடுக்கும் பணம் அது. அதற்குள் நான்கு சொற்கள் வந்து சேர்ந்துவிட்டன: கனிம வரி, உரிமத்தொகை, உரிமைத்தொகை, அரசிறை. எனக்கு நான்குமே ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு ஐந்தாவதை வைக்கிறேன்.

> கனிம வரி என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, முதலில் தள்ள வேண்டியது இதைத்தான். ராயல்டி வரியா இல்லையா என்பதே முப்பத்தைந்து ஆண்டு வழக்கு. அதன் ஆரம்பமும் தமிழ்நாடுதான். ராயல்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்கிய செஸ்ஸை (மேல்வரியை) எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் தொடுத்த வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 'ராயல்டி ஒரு வரி' என்றது. 2004இல் மேற்கு வங்கத்தின் கேசோராம் நிறுவன வழக்கில், அது எழுத்துப்பிழை, 'ராயல்டி மீதான செஸ் ஒரு வரி' என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்று வேறொரு அமர்வு சொன்னது. ஓரிரு சொல் விடுபட்டதா இல்லையா என்பதில் மாநிலங்களின் பெரும் வருமானம் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடித்தது: ராயல்டி வரியல்ல, கனிமத்தை எடுத்து அனுபவிக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் ஒப்பந்தப்படி உரிமையாளருக்குக் கொடுப்பது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார்.

கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் தனியே வரி போடலாம் என்பதும் அதே தீர்ப்பில் உறுதியானது. ஜார்க்கண்டும் தமிழ்நாடும் அந்த ஆண்டே அதற்குச் சட்டம் கொண்டுவந்தன. ஆக, ஒரே சுரங்கம் இன்று ராயல்டியும் கட்ட வேண்டும், நில வரியும் கட்ட வேண்டும். ராயல்டியைக் 'கனிம வரி' என்றால் மற்றதை என்னவென்று சொல்வது?

அரசிறையும் இதே காரணத்தால் போகிறது. இறை என்றாலே வரிதான். உரிமத்தொகை லைசென்ஸ் கட்டணத்தோடு குழம்பும். உரிமைத்தொகை என்றால் தமிழ்நாட்டில் 2023இல் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் போடத் தொடங்கிய அரசுத் திட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும்.

சரி, என் பரிந்துரை: கனிமவாரம்.

மேல்வாரம் (நிலத்துக்காரர் பங்கு), குடிவாரம் (உழுபவர் பங்கு) என்று நிலத்து விளைச்சலைப் பங்கு பிரித்த சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டில் 'நிலத்தை வாரத்துக்கு விட்டிருக்கு' என்றால், விளைந்ததில் பங்கு என்று பொருள். 'குத்தகைக்கு விட்டிருக்கு' என்றால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுத்தாக வேண்டும். இந்த வேறுபாடு 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. எடுத்த கனிமத்துக்குக் கொடுப்பது ராயல்டி. எதுவுமே எடுக்காமல் சுரங்கத்தைச் சும்மா வைத்திருந்தாலும் கொடுக்க வேண்டியது டெட் ரென்ட். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். முன்னது வாரம், பின்னது குத்தகை. டெட் ரென்டைத் 'தரிசுக் குத்தகை' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டியதில்லை. 'இறந்த வாடகை' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் ஜார்க்கண்டுதான். எஃகு ஆலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கோக் நிலக்கரிக்கு நாட்டில் பெரிய இருப்பிடம் அங்குள்ள ஜரியா. ஜாம்ஷெட்பூரிலும் பொகாரோவிலும் எஃகு ஆலைகள் எழுந்ததற்கு நிலக்கரியும் இரும்புத் தாதும் அருகருகே கிடைத்தது பெரிய காரணம். அந்த அருகாமையின் பலனையும் அந்தப் பகுதி முழுதாக அனுபவிக்கவில்லை. சரக்குக் கட்டணத்தைச் சமன்படுத்தி எஃகை நாடெங்கும் ஒரே விலைக்குக் கொடுக்கும் கொள்கை 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை இருந்தது. தொலைவில் இருந்த நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு அது வசதி, அவர்களுக்கு இழப்பு. நிலக்கரி ரயிலேறி வெளியே போய்விடுகிறது. மாநிலத்தின் கைக்கு நேராக வருவதில் முக்கியமானது ராயல்டி. அதன் வீதத்தைக்கூட ஒன்றிய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2012 முதல் நிலக்கரிக்கு அது விலையில் 14 விழுக்காடு. அப்படிப்பட்ட பணத்தை 'கட்டணம்' என்றோ 'தொகை' என்றோ எழுதினால், அது அந்த மண்ணின் பங்கு என்பது படிப்பவருக்கு எட்டாது. வாரம் என்றால் எட்டும்.

> கனிமவாரம் என்றால் கண் மருத்துவ வாரம் மாதிரி ஏதோ விழா வாரம் என்று நினைப்பார்கள்.

நியாயமான பயம்தான். சேர்த்து எழுதினால் பாதி தீரும். மீதியைச் சூழல் பார்த்துக்கொள்ளும். 'நியாய வாரம்' என்று நிலச்சட்டத்தில் படித்தவர் யாரும் ஏழு நாளை எண்ணவில்லை. கனிமவார வீதம், கனிமவார நிலுவை, கனிமவாரம் செலுத்துவோர் என்று நீட்டிப் பார்த்தேன், எங்கும் முறியவில்லை. நூலாசிரியர் வாங்கும் ராயல்டிக்கு இதை இழுக்க வேண்டாம். அதற்கு உரிமத்தொகையே இருந்துவிட்டுப் போகட்டும்.

> வாரம் என்றதும் பண்ணையாரும் களத்துமேடும்தான் நினைவுக்கு வருகின்றன. அரசை அந்த இடத்தில் வைக்கலாமா?

தோழர் கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். வைக்கலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே நடப்பதும் அதுதான். நிலத்தை இழந்தவர் சந்தால் பழங்குடியோ முண்டா பழங்குடியோ, வாரம் போவது தலைநகர் ராஞ்சிக்கு. கனிமச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகுதான் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று வந்தது. பழைய குத்தகைகளில் ராயல்டிக்கு மேல் அந்த ராயல்டியில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவற்றில் 10 விழுக்காடும் அறக்கட்டளைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 'கனிமவாரத்தில் 30 விழுக்காட்டுக்கு ஈடான பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு' என்று எழுதினால், மேல்வாரம் யாருக்கு, குடிக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி படிப்பவருக்குத் தானாக எழும். அந்தக் கேள்வி எழட்டும் என்றுதான் விரும்புகிறேன்.

நெய்வேலிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது குழுவில் உண்டா? சுரங்க அலுவலகங்களில் ராயல்டி, டெட் ரென்ட் இரண்டையும் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் அங்கே புழங்கினால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.