26 பையன்கள், 10 நாள்: வசந்தகாலப் பயிற்சியில் முழு வேக மோதல் வேண்டுமா?

முல்லைநிலம்:

தெற்கு ஜார்ஜியாவில் ஒரு சிறிய உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நான் தன்னார்வத் துணைப் பயிற்சியாளர். முன்வரிசையில் நின்று எதிரணியை அடைக்கும் லைன்மேன்கள் என் பொறுப்பு. இங்கே வசந்தகாலப் பயிற்சிக்கு 10 நாள் கிடைக்கிறது. மே மாதத்தில் வைத்துக்கொள்ள எண்ணம். திட்டத்தை எழுதித் தரும்படி தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். பிள்ளைகளை இந்த ஆட்டத்தில் விட்டிருக்கும் பெற்றோர் இங்கே பலர் இருக்கிறீர்கள், பயிற்சி தருகிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

12ஆம் வகுப்பு முடித்துப் போகிறவர்களைக் கழித்தால் எங்களிடம் 26 பையன்கள். அவர்களில் 9 பேர் தடகளத்தில், 5 பேர் பேஸ்பாலில் இருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் நால்வர். பெரிய பள்ளியில் தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி. எங்களிடம் பந்தோடு ஓடியவனே அடுத்த நிமிடம் பந்தோடு வருகிறவனைத் தடுக்க நிற்பான்.

என் நிலைப்பாடு இதுதான்: இந்த 10 நாளில் ஒருவனைக்கூட முழு வேகத்தில் தரையில் வீழ்த்தத் தேவையில்லை. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். அடுத்த மூன்று நாள் ஷோல்டர் பேடும் சேர்த்து. ஆறாம் நாளிலிருந்து முழுக் கவசம். ஆனால் கடைசி நாள் வரை ‘தட்’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது: தோள் படும், கைகள் சுற்றும், இருவரும் நின்றபடியே விலகுவார்கள், யாரும் கீழே விழக் கூடாது. மிஞ்சும் நேரம் முழுவதும் நிற்கும் நிலை, முதல் இரண்டு அடி, கை வைக்கும் இடம், ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தருவது). அந்த ஸ்னாப்பைப் போடும் சென்டருக்கு முழங்கால் போய்விட்டால் எங்களுக்கு அந்த ஆண்டே போய்விட்டது. இதற்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். சொல்லுங்கள்.

கொங்குவேள்:

எதிர்ப்பு என்னிடமிருந்தே தொடங்கட்டும். அலபாமாவில் இருக்கிறேன். என் மகன் நான்கு வருடம் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டாக ஆடி முடித்தவன். இப்போது சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சி தருகிறேன்.

நண்பரே, மோதலைத் தவிர்ப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாழ்க்கையில் முதன்முறையாக முழு வேகத்தில் மோதப் போகிறான். அது எப்போது நடக்க வேண்டும்? மே மாதத்தில், தன் பள்ளி மைதானத்தில், தனக்குத் தெரிந்த, தன் எடையுள்ள பையனோடு, பயிற்சியாளர் இரண்டடி தள்ளி நிற்கும்போதா? ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, 100 கிலோ எடையுள்ள முன்பின் தெரியாத ஒருவனோடா? பயப்படுகிற பையன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடித் தலையைக் குனிவான். கழுத்து உடைவது அப்படித்தான். பயத்தைப் போக்கும் மருந்து உண்மையான மோதல் மட்டுமே. அதை அளவோடு, கவனத்தோடு கொடுங்கள் என்கிறேன். கொடுக்கவே மாட்டேன் என்பது பையன்களுக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்று. யார் ஆடுவான், யார் பின்வாங்குவான் என்று வசந்தத்தில் பார்க்காவிட்டால் ஆகஸ்டில் எந்த இடத்தில் யாரை நிறுத்துவீர்கள்?

தாமரை:

நான் செவிலியர். மகன் பத்தாம் வகுப்பு. 400 மீட்டரும் நீளம் தாண்டுதலும் அவனுடைய உயிர், கால்பந்தில் ஓரத்தில் நின்று பந்து பிடிக்க வருகிறவனைத் தடுக்கும் கார்னர்பேக். இருவரும் மோதலைப் பற்றி வாதாடுகிறீர்கள். மே மாதத்தில் இந்தப் பிள்ளைகள் வேறு என்ன செய்கிறார்கள் என்று யோசித்தீர்களா? ஜார்ஜியாவில் மாநிலத் தடகளப் போட்டி மே மாதத்தில்தான். ஆண்டிறுதித் தேர்வுகளும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் உழைத்து மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்ற பையனை, அதே வாரம் மாலையில் முழுக் கவசத்தோடு ஓடவிட்டால் அவன் தொடைத் தசை என்ன ஆகும்?

சிறிய பள்ளியில் ஒரே பையனை மூன்று பயிற்சியாளர்கள் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே அவன் சொந்தம் என்பது போல் நடந்துகொள்கிறீர்கள். தடகளத்தில் இருக்கும் அந்த 9 பேரும் வராவிட்டால் “அர்ப்பணிப்பு இல்லை” என்று ஒரு சொல் விழும். பையன் வாயைத் திறக்க மாட்டான். வலியோடு ஓடுவான். அந்த 9 பேருக்கு என்ன திட்டம் என்று முதலில் எழுதுங்கள் ஐயா.

மணற்கேணி:

மேற்கு டெக்சாஸில் மிகச் சிறிய பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் நான். எங்களுடையது ஆறு பேர் ஆடும் கால்பந்து. 1934இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினோரு பேரைச் சேர்க்க முடியாத சிறு பள்ளிகளுக்காக உருவாக்கிய வடிவம். மைதானம் 80 யார்டு நீளம், 40 யார்டு அகலம். ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது பந்தைத் தொடர்ந்து தன் கையில் வைத்துக்கொள்ள, 15 யார்டு போக வேண்டும். ஆறு பேரும் பந்தைப் பிடிக்கலாம்.

டெக்சாஸைப் போல் கால்பந்துப் பைத்தியம் பிடித்த மாநிலம் வேறு கிடையாது. அங்கேயே வசந்தகாலப் பயிற்சி 5ஏ, 6ஏ பிரிவுகளைச் சேர்ந்த பெரிய பள்ளிகளுக்குத்தான் உண்டு. எங்களைப் போன்ற சிறு பள்ளிகளுக்கு இல்லை. அதனால் என்ன கெட்டுவிட்டது? பையன்கள் வசந்தத்தில் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், பேஸ்பால் ஆடுகிறார்கள், எடை தூக்குகிறார்கள். ஆகஸ்டில் வந்து கால்பந்து ஆடுகிறார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள்.

சகோதரி தாமரை சொன்னதற்கு மேலும் ஒரு படி போகிறேன். 10 நாள் கிடைக்கிறது என்பதற்காக 10 நாளையும் பயன்படுத்தியாக வேண்டுமா? எடைப் பயிற்சி அறையில் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) ஒழுங்காகச் செய்யத் தெரியாத லைன்மேனுக்குக் கவசம் மாட்டி என்ன பயன்?

முல்லைநிலம்:

மணற்கேணி, உங்கள் மாநிலத்தில் எதிரணிக்கும் வசந்தப் பயிற்சி கிடையாது. எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறீர்கள். இங்கே பக்கத்துக் கவுண்டிப் பள்ளி அந்த 10 நாளையும் பயன்படுத்தும். எங்கள் பையன்களில் பாதிப் பேர் முதல் முறையாக வரிசையில் நிற்கப் போகிறவர்கள். ஆகஸ்டு வெயிலில் அவர்களுக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க எனக்கு நேரம் இல்லை. பயிற்சியே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை.

தாமரை அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில்: பருவம் முடியாத தடகள, பேஸ்பால் பையன்கள் எவரும் கவசம் அணிய மாட்டார்கள். வர விரும்பினால் முதல் அரை மணி நேரம் நடந்தபடியே ஆட்ட அமைப்பைக் கற்றுக்கொண்டு போகலாம். வராவிட்டாலும் ஆகஸ்டில் அவர்கள் இடம் அப்படியே இருக்கும். இதைத் தலைமைப் பயிற்சியாளர் பெற்றோருக்குக் கடிதமாகவே எழுத வேண்டும் என்று திட்டத்தின் முதல் வரியில் சேர்க்கிறேன். வாய்ச்சொல்லாக இருந்தால் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

ஆக, களத்தில் இருப்பவர்கள் 12 பேர். பதினொன்றுக்குப் பதினொன்று நிறுத்த முடியாது. கொங்குவேள் அண்ணா, உங்கள் வாதம் இங்கேதான் இடிக்கிறது. நீங்கள் சொல்லும் “தன் எடையுள்ள பையன்” எங்களிடம் இல்லை. 12 பேரில் 110 கிலோவும் இருக்கிறான், 60 கிலோவும் இருக்கிறான்.

நான் செய்யப்போவது பாதி வரிசைப் பயிற்சி. சென்டர், ஒரு கார்டு, கார்டுக்கு வெளியே நிற்கும் டாக்கிள் ஒருவன், வரிசையின் ஓரத்தில் டைட் எண்ட், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், பின்னால் ஓடுகிறவன் ஒருவன். எதிரே ஆறு பேர். நாங்கள் ஆடுவது விங்-டி என்ற தாக்குதல் அமைப்பு. எடை குறைந்த லைன்மேன்களுக்கு ஏற்றது. எதிரே நிற்கிறவனை நேருக்கு நேர் தள்ள வேண்டியதில்லை, பக்கவாட்டுக் கோணத்திலிருந்து அடைக்கலாம். கார்டு தன் இடத்தை விட்டு விலகிக் குறுக்கே ஓடிப்போய் அடைப்பான். அந்த ஓட்டத்தின் முதல் அடி தப்பினால் ஆட்டமே சிதறும். அதற்குத் தேவை ஆயிரம் முறை செய்து பார்ப்பது. ஒருவனை வீழ்த்தி, எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி நிற்கும் நேரத்தில் ஐந்து முறை செய்துவிடலாம். அந்த அமைப்பில் பக் ஸ்வீப், டிராப், வாகிள் என்ற மூன்று ஆட்டங்களோடு நிறுத்துகிறேன். வலப்பக்கம் ஒரு நாள், இடப்பக்கம் ஒரு நாள். பயிற்சி முடியும்போது மூன்றும் தூக்கத்திலும் வர வேண்டும்.

பந்தை உதைப்பவனுக்கு நீண்ட ஸ்னாப் போடுவதற்கு ஒவ்வொரு நாளும் 15 நிமிடம். சிறு அணிகள் தோற்பது பல நேரம் எதிரணியின் பலத்தால் அல்ல, நான்காம் டவுன் என்ற கடைசி வாய்ப்பில் தலைக்கு மேல் பறந்துபோகும் ஒரு ஸ்னாப்பால். இதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மோதலைக் குறைத்தால் அணி கெட்டுவிடும் என்பதற்குப் பதில் டார்ட்மவுத் கல்லூரி. 2010இல் அதன் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் பயிற்சியில் தன் வீரர்களை வீழ்த்துவதை அடியோடு நிறுத்தினார். தானே நகரும் பொம்மையை வைத்து டாக்கிள் செய்வதை, அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்து வீழ்த்துவதை, கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு 2015, 2019, 2021 ஆண்டுகளில் ஐவி லீக் என்ற தங்கள் கல்லூரி லீக்கின் பட்டத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. 2016இல் லீக் முழுவதுமே பருவ காலப் பயிற்சிகளில் முழு மோதலை நிறுத்தியது.

கொங்குவேள்:

டார்ட்மவுத்தை எல்லாரும் இழுக்கிறார்கள். தம்பி, அங்கே போகிற பையன் பள்ளியில் ஆண்டுக்கணக்காக டாக்கிள் செய்து, அதில் சிறந்தவன் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவன். கற்றுக்கொண்டவனுக்கு ஓய்வு கொடுக்கலாம். கற்றுக்கொள்ளாதவனுக்கு எதிலிருந்து ஓய்வு?

மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 2014இல் அமைத்த குழு என்ன சொன்னது? முழு மோதலை வாரத்தில் இரண்டு மூன்று பயிற்சிகளோடு நிறுத்துங்கள், ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 60 முதல் 90 நிமிடம் என்று யோசியுங்கள் என்றது. அளவைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. நான் கேட்பதும் அளவுதான். 10 நாளில் மூன்று நாள், நாளுக்கு 10 நிமிடம். எடை பார்த்துச் சோடி சேர்க்க முடியாதவனை ஒதுக்கிவையுங்கள். இருவரை நேருக்கு நேர் மோதவிடும் ஓக்லஹோமா டிரில்லைக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது 2019இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லே தடை செய்த முரட்டுத்தனம். இரண்டு அடி இடைவெளி, முழங்காலில் தொடங்கி, மெத்தை மேல் வீழ்த்துவது. விழவும் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? விழத் தெரியாதவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டு போகும்.

தாமரை:

மெத்தை மேல் விழக் கற்றுக்கொடுப்பதை நானும் ஆதரிக்கிறேன். அதை டாக்கிள் என்று சொல்லிப் பையன்களை உசுப்பாமல் செய்தால் நல்லது.

எனக்கு இன்னும் பெரிய கவலை வெயில். மே மாதத் தெற்கு ஜார்ஜியாவை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் வெட் பல்ப் குளோப் அளவு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியே பயிற்சியே கூடாது என்பது ஜார்ஜியா விதி. 90க்கு மேல் போனாலே கவசம் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேலும் கூடாது. அந்தக் கருவி உங்கள் மைதானத்தில் இருக்கிறதா, அல்லது செல்போனில் வானிலை பார்க்கிறீர்களா? செல்போன் காட்டுவது வேறு அளவு. 110 கிலோ லைன்மேன்தான் வெப்பத்தாக்குதலில் முதலில் விழுவான். 2001இல் கோரி ஸ்டிரிங்கர் மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சி முகாமில் அப்படித்தான் விழுந்து, மறுநாள் இறந்தார். அவரும் லைன்மேன், பெரிய உடம்பு.

பனிக்கட்டி நீர்த் தொட்டி மைதானத்தின் ஓரத்தில் நிரம்பி இருக்க வேண்டும். அப்படி விழுகிறவனை முதலில் அதில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். இதை நால்வரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மணற்கேணி:

இதைப் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. 12 பேரை வைத்து நடத்துவதற்கு முழுக் கவசம் எதற்கு? ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் போதும், 10 நாளும். ‘தட்’ அளவுக்கு அதற்கு மேல் தேவையில்லை. வெயிலுக்கும் நல்லது.

இன்னொரு விஷயம், கருவிகளைப் பற்றி. ஹெல்மெட்டுகளைச் சீரமைக்க அனுப்பினீர்களா? 10 ஆண்டுக்கு மேல் பழையதைச் சீரமைக்கும் நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. சிறு பள்ளிகளில் அப்படிப்பட்டவை மூலையில் கிடக்கும். புதிதாக வரும் பையனுக்கு அதுதான் கிடைக்கும்.

முல்லைநிலம்:

ஹெல்மெட்டுகள் குளிர்காலத்திலேயே போய் வந்துவிட்டன. வெப்ப அளவுக் கருவி பள்ளியில் ஒன்று இருக்கிறது. அதைத் தடகளப் பயிற்சியாளரும் பயன்படுத்துகிறார். யார் கையில், எந்த நேரத்தில் என்பதைத் திட்டத்தில் எழுதுகிறேன். தொட்டிக்கான பனிக்கட்டியைப் பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து எடுக்க ஏற்பாடு உண்டு. மதியம் சமையற்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் சாவியும் எங்களிடம் வேண்டும்.

மணற்கேணி சொன்ன உடை மாற்றத்தை எடுத்துக்கொள்கிறேன். கீழ்ப்பாகக் கவசம் இல்லை. கொங்குவேள் அண்ணா சொன்ன மெத்தையும் சேர்கிறது. நான்காம் நாளிலிருந்து தினமும் 10 நிமிடம் முழங்காலில் தொடங்கி விழுவது, உருள்வது, தோளால் பிடிப்பது. ஆனால் இருவர் முழு வேகத்தில் ஓடி வந்து மோதுவது இல்லை. அதில் நான் நகரப் போவதில்லை.

கொங்குவேள்:

மெத்தையைச் சேர்த்ததற்கு நன்றி. மீதியை நான் ஏற்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எப்படி நிற்கிறார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், பேசுவோம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. சென்டருக்கு முழங்கால் போனால் ஆண்டே போய்விடும் என்றீர்களே, இரண்டாவது சென்டர் யார்? உங்கள் திட்டத்தில் அந்தப் பெயர் இல்லை.

முல்லைநிலம்:

இடது கார்டு. நாளை முதல் பள்ளி முடிந்ததும் ஒரு பந்தோடு சுவருக்கு முன்னால் நிற்கப் போகிறான். மூன்றாவதாக டைட் எண்டையும் சேர்க்கிறேன். அவன் பேஸ்பால் கேட்சர் என்பதால் பருவம் முடிந்த பிறகுதான்.