பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்: வெயில் ஏற ஏற மாறும் சுட்டுப் பிழை

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியிலிருந்து சூரியனின் உயரக்கோணத்தை அளந்து, அதிலிருந்து இருக்குமிடத்தைக் கணக்கிடப் பழகி வருகிறேன். என் கருவி 120 பாகை வரை அளக்கும், மைக்ரோமீட்டர் டிரம் (கோணத்தை நுட்பமாகப் படிக்கும் திருகு உருளை) உள்ள பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட், அதாவது கண்ணாடிகளால் கோணம் அளக்கும் கருவி. டிசம்பரில் பழையதாக வாங்கியது. இங்கே கடல் அடிவானம் ஏது? எவர்சில்வர் தட்டில் கழிவு எஞ்சின் ஆயிலை ஊற்றி, அதில் தெரியும் சூரியனோடு வானத்துச் சூரியனைப் பொருத்தி, கிடைக்கும் இரட்டைக் கோணத்தைப் பாதியாக்கிக்கொள்கிறேன். டிசம்பர் நண்பகலில் சுமார் 107 பாகை வந்தது. இப்போது உச்சிச் சூரியனுக்கு 120 போதாது என்பதால் காலை ஒன்பது மணியளவில் அளக்கிறேன்.

சிக்கல் ஏப்ரலில் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு 2 கலையாக (கலை என்பது பாகையில் 60-இல் ஒரு பங்கு) இருக்கும் சுட்டுப் பிழை, அதாவது பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் வித்தியாசம், ஒன்பதரைக்குள் 8 கலையாகிவிடுகிறது. கூடிய 6 கலையைப் பாதியாக்கினாலும் 3 கலை மிஞ்சுகிறது; ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதால் இது 3 கடல் மைல். கணக்கில் என் வீடு வேலூர்க் கோட்டையையும் தாண்டிப் போய்விடுகிறது.

இரு கண்ணாடிகளையும் திருகுகளால் செங்குத்தாக்கினேன், ஸ்பிரிங்குகளைத் துடைத்தேன், டிரம்மை எப்போதும் ஒரே பக்கமாகவே திருகுகிறேன். சூரியனின் இரு விளிம்புகளையும் தொடவைத்துச் சோதிக்கும்போது அளவுகளின் கூட்டுத்தொகை சரியாக 64 கலையை (சூரிய விட்டத்தின் இரு மடங்கை) ஒட்டியே வருவதால், என் கண்ணில் கோளாறில்லை என்றே நினைக்கிறேன். அரை மணி நேரம் நிழலில் வைத்தால் பிழை குறைகிறது. வெயிலுக்கு வந்ததும் மீண்டும் ஏறுகிறது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் பிழையைக் குறித்து, சராசரியைக் கழித்துக்கொண்டால் போதுமா, அல்லது கருவியின் பிளாஸ்டிக் சட்டகமே வளைந்துவிட்டதென்று கருதிக் கருவியை மாற்ற வேண்டுமா?