அடுத்த வியாழன் முதலீட்டு வங்கி இன்டர்வியூ, எப்படித் தயாராவது?

செங்காங் பையன்:
கணக்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிங்கப்பூர் மரினா பேயில் ஒரு முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நண்பன் அனுப்பிய 400 கேள்வி பிடிஎஃப்பை எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்கிறேன், பாதிகூட முடியவில்லை. போன மாதம் வேறோர் இடத்தில் "தேய்மானம் (இயந்திரங்கள் பழசாவதால் ஆண்டுதோறும் செலவாக எழுதும் மதிப்புக் குறைவு) 10 வெள்ளி (டாலர்) கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். பதில் தெரியும், ஆனால் நாக்குக் குழறிவிட்டது.

ஈசூன் அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பிடிஎஃப்பை மூடி வை. இந்த ஒரு கேள்வியையே வாய்விட்டுச் சொல்லிப் பழகு. இங்கே நிறுவன வரி 17%, அதையே எடுத்துக்கொள். லாப நட்ட அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறைகிறது, வரியில் 1.70 மிச்சம், ஆக நிகர லாபம் 8.30 குறையும். தேய்மானத்தில் கைக்காசு எதுவும் போகவில்லை, அதனால் பணப்புழக்க அறிக்கையில் 10ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 1.70 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 1.70 ஏற, இயந்திரங்களின் மதிப்பு 10 இறங்க, சொத்து 8.30 குறைவு, மறுபக்கம் பங்குதாரர் மூலதனமும் அதே 8.30 குறைவு. சமன் ஆகிவிட்டதா, வாயை மூடிக்கொள். நான் முதல் தடவை போனபோது அதற்கப்புறமும் பேசிக்கொண்டே போய் நானே குழப்பிக்கொண்டேன்.

பிடோக் வாசி:
அக்கா சொன்னது சரிதான், ஆனால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் கணக்குப் புத்தகத்துத் தேய்மானத்துக்கு வரிக்கழிவே கிடையாது, அதற்குப் பதில் கேப்பிட்டல் அலவன்ஸ்தான், அதாவது இயந்திரம் வாங்கிய செலவுக்கு வரிச் சட்டம் தனியாகத் தரும் கழிவு. அப்படிப் பார்த்தால் அந்த 1.70 உடனே கைக்கு வராது. அதனால் "தேய்மானம் முழுவதற்கும் வரிக்கழிவு உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பி, எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் ரீட் (யூனிட் என்ற பங்குகளை விற்றுக் கட்டடங்கள் வாங்கி வாடகை ஈட்டும் நிதியம்) பற்றியும் பார்த்து வை, எனக்கு இரண்டு தடவை வந்தது. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90% யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தால்தான் வரிச்சலுகை, ஆகவே கையில் பெரிதாக எதுவும் தங்காது. புதுக் கட்டடம் வாங்கக் காசு எங்கிருந்து வரும் என்று அடுத்த கேள்வி வரும். கடன், இல்லாவிட்டால் புது யூனிட்.

ஈசூன் அக்கா:
அட, கேப்பிட்டல் அலவன்ஸை மறந்தே போனேன். நன்றி.

செங்காங் பையன்:
நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். "மெஷின் பழசானா உனக்கு எப்படிடா காசு வரும்?" என்று கேட்டார். பத்து நிமிடம் விளக்கினேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் உட்கார வைக்கப் போகிறேன்.