கொல்லைக் கதவு நிலையில் விரல் உள்ளே போகுது – கரையானா, உளுப்பா?

கொல்லைப்புறம்:
மன்னார்குடி பக்கம், அப்பா 1994-ல கட்டின வீடு. போன வாரம் கொல்லைக் கதவு நிலையைத் துடைக்கிறப்போ விரல் உள்ளே போயிடுச்சு. பெயின்ட் மட்டும் தோலா நிக்குது, உள்ளே கட்டையே இல்லை. ஆசாரி "நிலையையே மாத்திடுங்க"ங்கிறார். மருந்து அடிக்கிறவர் வீடு முழுக்க ஓட்டை போடணும்ங்கிறார். அம்மா மண்ணெண்ணெய் ஊத்தினா போதும்ங்கிறாங்க. இதுல யார் பேச்சைக் கேக்கிறது?

இன்னொண்ணு. ஐப்பசி மழையில ஒரு ராத்திரி டியூப்லைட்டைச் சுத்தி ஈசல் கொட்டுச்சு, காலையில ஒரு முறம் இறக்கை கூட்டினேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

இழைப்புளி:
முதல்ல கீழே என்ன விழுந்து கிடக்குன்னு பாருங்க தம்பி. மைதா மாதிரி நைஸ் பொடி, கட்டையில குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமா ஓட்டைன்னா அது உளுப்பு, வண்டு வேலை. ரவை மாதிரி குருணை குருணையா கொட்டினா காஞ்ச மரத்துலேயே குடியிருக்கிற கரையான். பொடியே இல்லாம உள்ளே மண் அப்பியிருந்தா தரையிலிருந்து ஏறி வர்ற ஜாதி. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கொல்லைப்புறம்:
மண்தான் அண்ணா, பொடி இல்லை. நிலைக்குப் பக்கத்துச் சுவர்ல பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு மேலே போகுது. கொஞ்சம் சுரண்டினேன், வெள்ளையா திபுதிபுன்னு ஓடுச்சு.

வேப்பங்காய்:
இதுக்கு மேல சுரண்டாதீங்க. காத்துப் பட்டா அதுக உடம்பு காஞ்சு செத்துடும், அதுக்குத்தான் அந்த மண் குழாய். இப்ப உடைச்ச இடத்தை ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஈர மண்ணால அடைச்சிருந்தா போக்குவரத்து நடக்குது. அடைக்கலைன்னாலும் நிம்மதியாகிடாதீங்க, வேற வழி எடுத்திருக்கும்.

ஈசல்ங்கிறதே இறக்கை முளைச்ச கரையான்தான். வெளியிலிருந்து விளக்குக்கு வந்ததுன்னா மழைக்காலத்துல எல்லார் வீட்டுக்கும் வர்றதுதான். ஜன்னல் சாத்தியிருக்கிறப்போ தரை வெடிப்புலயிருந்தோ நிலை ஓரத்துலயிருந்தோ கிளம்பினாத்தான் கவலைப்படணும்.

மண்ணெண்ணெய் விஷயத்துல அம்மாகிட்ட சொல்லிடுங்க: மேலே படுற கரையான் மட்டும் சாகும். ராணி மண்ணுக்குள்ளே முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். தீப்பிடிக்கிற பயம் வேற.

துளைபோடுறவன்:
இந்தத் தொழில்தான் எனக்கு. ஓட்டை போடணும்னு அவர் சொன்னது சரி. போடாம ஸ்பிரே அடிச்சிட்டுப் போறவங்களைத்தான் நம்பக் கூடாது. ஏற்கெனவே கட்டின வீட்டுக்கு ஐ.எஸ். 6313, மூணாம் பகுதின்னு இந்தியத் தர நிர்ணய முறை இருக்கு. சுவரும் தரையும் சேர்ற இடத்துல 12 மி.மீ. துளை, அடிக்கு ஒண்ணு, துளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் மருந்துத் தண்ணி. இமிடாகுளோபிரிட்ங்கிற கரையான் மருந்து 30.5 சதவீதம்னா லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி. உங்க கண்ணு முன்னாடி பாட்டிலைத் திறந்து கலக்கச் சொல்லுங்க.

இந்த மருந்து இருக்கிறதே கரையானுக்குத் தெரியாது. நடந்து போய் கூட்டத்துக்கெல்லாம் பூசிட்டு வரும். அதனாலதான் குழாயை உடைக்க வேணாம்ங்கிறது. ஆமா, கிணறு இருக்கா?

கொல்லைப்புறம்:
இருக்கு. கொல்லைச் சுவர்லயிருந்து 15 அடி.

துளைபோடுறவன்:
அப்போ அந்தப் பக்கம் வெளியில மண்ணுல ஊத்தவே வேணாம், உள் பக்கம் மட்டும் போதும். வர்றவர்கிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க. வேலை குறைவா செய்யணும்னா முகம் சுளிப்பார், விடுங்க.

வேப்பங்காய்:
அந்த நிலைக்குப் பின்னாடி என்ன இருக்கு? குளியலறையா?

கொல்லைப்புறம் (நாலு நாள் கழித்து):
அக்கா, எப்படிச் சொன்னீங்க! குளியலறைதான். ஒரு டைல்ஸைப் பெயர்த்தா உள்ளே குழாய் எல்போ கசியுது, சுவரே ஊறிப்போய் கிடக்கு. பக்கத்து அலமாரியோட முதுகுப் பலகை அந்தச் சுவரை ஒட்டியே இருந்திருக்கு. உள்ளே எங்க கல்யாண ஆல்பம். அட்டை புதுசு மாதிரி இருந்துச்சு, தூக்கினா காகிதம் மாதிரி லேசு. திறந்தா தாலி கட்டுற படத்துல என் முகம் வரைக்கும் மண். அவ முகம் மட்டும் முழுசா இருக்கு. அவளுக்குச் சிரிப்பு தாங்கலை.

வேப்பங்காய்:
அப்போ முதல்ல பிளம்பர், அப்புறம்தான் மருந்து. ஈரம் இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். அலமாரியை சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி வைங்க. பரண்ல பழைய அட்டைப்பெட்டி, தரையில பேப்பர்க் கட்டு எதுவும் வேணாம்.

இழைப்புளி:
நிலை முழுசும் மாத்தணும்னு இல்லை. உளியால குத்திக்கிட்டே மேலே போங்க, கெட்டிக் கட்டை எங்கே வருதோ அங்கே அறுத்து ஒட்டுப் போடலாம். புதுக் கட்டையில வெள்ளை, அதாவது மரத்தோட வெளிப்புற இளங்கட்டை, இருக்கக் கூடாது, வைரம் பாய்ஞ்ச வேம்பு கிடைச்சா நல்லது. நிலையோட காலை மண்ணுக்குள்ளே புதைக்க விடாதீங்க, சிமெண்ட் மேல நிக்கட்டும். மருந்து போட்டு மூணு வாரம் கழிச்சு ஆசாரியைக் கூப்பிடுங்க.

கொல்லைப்புறம் (ஒரு மாசம் கழித்து):
எல்போ மாத்தியாச்சு, உள் பக்கம் 26 துளை, மருந்து போட்டாச்சு. ரெண்டு அங்குலம் குழாயை உடைச்சு விட்டுப் பார்த்தேன், 12 நாளாச்சு, அடைக்கலை. வேற எங்கேயும் புதுக் கோடு இல்லை, தினம் டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன். நாளைக்கு ஆசாரி வர்றார். ஒன்றரை அடி அறுத்தா போதுமாம்.