அப்டேட்: டைமிங் பெல்ட் மாத்தினதுக்கப்புறம் பிக்கப் போனது

பழைய கார்ல டைமிங் பெல்ட் (பிஸ்டனோட சேந்த கிராங்க் தண்டையும் வால்வை திறக்கற கேம் தண்டையும் சேத்து சுத்த வெக்கறது) மாத்தினதுலேர்ந்து ஐடிலிங்ல நடுங்குது, மேடு ஏறலன்னு கேட்டிருந்தேன்ல, இப்ப வேற மெக்கானிக்கை வெச்சு கவரை கழட்டி பாத்தாச்சு, கேம் ஒரு பல்லு தள்ளி நிக்குது. கிராங்க் கியர்ல 20 பல்லுன்னா ஒரு பல்லு தள்ளினாலே வால்வு திறக்கற நேரம் கிராங்க் கணக்குல 18 டிகிரி மாறிடும், அப்புறம் எங்க இழுக்கும்!

முதல்ல பாத்த கடைல வெளி புல்லியில இருக்கற இக்னிஷன் மார்க்கை வெச்சு மாட்டிருக்காங்க, பாக்க வேண்டியது உள்ள கிராங்க் கியர்லயும் ஆயில் பம்ப் மேலயும் இருக்கறத. டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கி பிடிக்கற உருளை) இல்லாத பக்கம் துளிகூட தொய்வு இல்லாம பெல்ட்டை மாட்டி, ஸ்பேனர் போட்டு கையாலயே கிராங்கை ரெண்டு சுத்து சுத்தி (அதுக்கு கேம் ஒரு சுத்துதான் சுத்தும்) கேம் மார்க், கிராங்க் மார்க் ரெண்டும் நேரா வந்தப்புறம்தான் டென்ஷனர் போல்ட்டை ஃபுல் டைட் பண்ணோம். செல்ஃப் அடிச்சு பாத்துக்கலாம்னு மட்டும் சொன்னா விடாதீங்க, சில இன்ஜின்ல பிஸ்டன் இடிச்சு வால்வே வளைஞ்சிடும்.

இப்ப ஐடிலிங் ஸ்டெடி. வாட்டர் பம்ப்பையும் சேத்தே மாத்தியாச்சு, லேபர் ஒண்ணுதானே.