'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' ஆல்பம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கதை கூடவே வந்துவிடுகிறது. 1998இல் வெளியானபோது விமர்சகர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ரசிகர்கள்தான் பின்னாளில் தூக்கி நிறுத்தினார்கள் என்று. இதில் பாதிதான் உண்மை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியானதும் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 10க்கு 8.7 கொடுத்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஐந்துக்கு மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது. மெர்ஜ் போன்ற ஒரு சிறிய இசை வெளியீட்டு நிறுவனத்தின் வெளியீட்டுக்கு இது நல்ல வரவேற்புதான். நிறுவனமே முதலில் ஏறத்தாழ 5,500 சிடிகளும் 1,600 வினைல் இசைத்தட்டுகளும் மட்டும்தான் அச்சிட்டது. குழுவின் முந்தைய ஆல்பம் விற்றதை வைத்துப் போட்ட கணக்கு அது.

2005இல் டொமினோ நிறுவனம் மறுவெளியீடு செய்தபோது அதே பிட்ச்ஃபோர்க் 10க்கு 10 போட்டது. 2008இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற வினைல் இசைத்தட்டுகளில் முதல் பத்துக்குள் இது இருந்தது. இத்தனைக்கும் நடுவில் புது ஆல்பம் கிடையாது, குழுவாக மேடையேறியதும் கிடையாது. 1998 சுற்றுப்பயணம் முடிந்த கொஞ்ச காலத்தில், பாடல்களை எழுதிப் பாடிய ஜெஃப் மேங்கம் ஒதுங்கிவிட்டார். ஆகவே கைக்குக் கை மாறிய பிரதிகள்தான் அந்த 8.7ஐ 10 ஆக்கின என்று உறுதியாக நம்புகிறேன்.

எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு பிரதிதான். கல்லூரி விடுதியில் எதிர் அறை அண்ணன் பதிந்து கொடுத்த சிடி. அட்டை இல்லை, பாடல்களின் பெயர்கூட இல்லை. நாஜி முகாமில் இறந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைப் படித்த அதிர்ச்சியில் பிறந்த பாடல்கள் இவை என்று சொல்ல ஆளில்லை. ஆகவே எனக்கு முதலில் கிடைத்தது வெறும் ஒலிதான். மூன்றாவது பாடலில் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நடுங்கி நடுங்கி அழும். மரம் அறுக்கும் ரம்பத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, வளைத்துப் பிடித்து, வயலின் வில்லால் குழுவின் ஜூலியன் கோஸ்டர் இழைக்கும் ஓசை அது. வளைவைக் கூட்டிக் குறைத்தால் சுருதி ஏறி இறங்கும். அதன் மேல் ஸ்காட் ஸ்பில்லேனின் பித்தளைக் குழல்கள் ஊர்வலத்தில் வரும் பேண்டு வாத்தியம் போலக் கொஞ்சம் பிசகியே வந்து சேரும். அந்தப் பிசகைத் திருத்தாமல் விட்டதற்காகவே தயாரிப்பாளர் ராபர்ட் ஷ்னைடருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 1997இல் டென்வரில், அவருடைய ஸ்டுடியோவில் பதிந்தார்கள்.

எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஓ கம்லி'யைக் கவனித்துக் கேளுங்கள். கிட்டாரும் குரலுமாக மேங்கம் ஒரே டேக்கில் பாடி முடித்தது. முடியும் இடத்தில், தொலைவிலிருந்து ஒருவர் தன்னை மறந்து கத்துவது பதிவிலேயே கேட்கும். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான் என்பேன்.

உங்களுக்கு இது எப்படிக் கிடைத்தது, என்ன செய்தது என்று எழுதுங்கள். பிடிக்காதவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

* * *

தம்பி, பிடிக்காதவர்களையும் அழைத்ததால் எழுதுகிறேன். என் மகன் காரில் போட்டுக் காட்டித்தான் கேட்டேன். குழல்கள் எனக்கும் பிடித்தன. குரல் பிடிக்கவில்லை. இரண்டாவது பாடலில் இயேசுவை நேசிப்பதாக அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்தும் இடத்தில் ஒலியைக் குறைக்கச் சொன்னேன். தான் பாடுவதை மனதார நம்பியே பாடுவதாக ஆல்ப உறையில் மேங்கமே எழுதியிருப்பதை மகன் காட்டினான். நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. என் காதுக்கு அது வலித்தது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைப் பள்ளி நாட்களிலிருந்து திரும்பத் திரும்பப் படித்தவள் நான். 'ஓ கம்லி'யில் அவளைத் தமக்கையோடும் தாயோடும் சேர்த்துப் புதைத்ததாகப் பாடுகிறார். ஆனும் மார்கோட்டும் 1945இல் பெர்கன் பெல்சன் முகாமில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார்கள். தாய் ஈடித் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரியில், அவுஷ்விட்சில் இறந்துபோனார். மகள்கள் இருவரையும் ஏற்றிச் சென்ற பிறகு தனியாகக் கிடந்து செத்த தாய். அந்தப் பிரிவுதான் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையிலேயே பெரிது என்று நினைக்கிறேன். பாட்டுக்காக அவர்களை ஒரே குழியில் சேர்த்துவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 10க்கு 10 போட்ட மகராசர்கள் இதை ஒரு குறையாக எண்ணினார்களா?

* * *

அக்கா, ஈடித் பற்றி நீங்கள் எழுதியது சரி, அந்த வரி உண்மைக்கு மாறானதுதான். ஆனாலும் கால எந்திரம் ஒன்று கிடைத்தால் ஆன் ஃபிராங்க்கைக் காப்பாற்றிவிடலாம் என்று அதே பாடலில் ஏங்குகிறவர் மேங்கம். பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் அந்த வரியையும் அதே ஏக்கத்தில் வைத்துத்தான் என் காது கேட்கிறது. உங்களுக்கு அது போதாது என்பது புரிகிறது. என் மனதையும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

* * *

நான் அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், 2015இல், குழு மீண்டும் சேர்ந்து நடத்திய சுற்றுப்பயணத்தில் நேரில் கேட்டேன். படம் எடுக்க வேண்டாம், வீடியோ வேண்டாம் என்பது குழுவின் வேண்டுகோள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் அதை மதித்தார்கள். கைபேசிகள் பைக்குள் போய்விட்டதால் இரு கைகளும் சும்மா இருந்தன, வாய்தான் வேலை செய்தது. வரிகளை மட்டுமா பாடினார்கள், குழல் வாசிக்கும் பகுதிகளையும் 'லா லா' என்று சேர்ந்து பாடினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஆல்பம் வந்தபோது கைக்குழந்தையாக இருந்திருப்பான். எல்லாப் பாடலும் மனப்பாடம்.

ரசிகர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அன்பு சில நேரம் எல்லை மீறியது. 2003இல் அட்லாண்டா பத்திரிகையாளர் ஒருவர் மேங்கம் எங்கே போனார் என்று தேடிக்கொண்டு கிளம்பினார். தன்னைத் தனியாக விட்டுவிடும்படி மேங்கமே அவருக்கு எழுத வேண்டியதாயிற்று. பாடல்களில் தன் நெஞ்சைத் திறந்து வைத்தவர் என்பதற்காக அவர் வீட்டுக் கதவையும் திறந்து வைக்க வேண்டுமா? நான் போன நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போதும் இருவர் அடுத்த ஆல்பம் எப்போது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 'நாற்பது நிமிடம் கொடுத்துவிட்டார், அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?' என்று கேட்டேன். ஒருவர் தலையாட்டினார், மற்றவருக்குக் கோபம் வந்துவிட்டது.